பேஸைக் குறைத்து வாசிக்கச் சொல்கிறார் லீடர். என்ன செய்யலாம்?

நாலுகம்பி (ஒட்டன்சத்திரம்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது 43. ஆறு வருஷமாகத் திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் (அடிச் சத்தம் தரும் நாலு கம்பி கிட்டார்) வாசிக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, எப்போதாவது கட்சிக் கூட்டத்தில் தலைவர் வந்து சேரும்வரை ஜனத்தைப் பிடித்து வைக்க. மாதம் மூன்று நாலு கச்சேரி. பங்குனி, சித்திரை, ஆடி என்றால் வாரத்துக்கே மூன்று. மார்கழியில் கிட்டார் உறையை விட்டு வெளியே வராது. கச்சேரிக்கு 1,200 ரூபாய். பெட்ரோலும் ராத்திரி பரோட்டாவும் போக மிச்சத்தை வருமானம் என்று வீட்டில் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும்.

பேஸுக்கு வந்தது ஆசைப்பட்டு இல்லை. சர்ச் பாடகர் குழுவில் கிட்டாருக்கு ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். மூலையில் ஒரு பேஸ் கிட்டார் தூசி படிந்து கிடந்தது, "வேணும்னா அதை எடு" என்றார்கள். எடுத்தேன். இப்போது சொந்தமாக யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, செகண்ட் ஹேண்டில் 9,000 ரூபாய்க்கு வாங்கியது.

வீட்டில் ஆம்ப் போட்டால் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிடுவார். அதனால் கிட்டாரின் தலையைப் பீரோவில் சாய்த்துக்கொண்டு வாசிப்பேன். கம்பியின் அதிர்வு பீரோவுக்குள் போய் நன்றாகவே கேட்கும். மரப்பீரோ என்றால் இன்னும் நல்லது; எங்களுடையது இரும்பு, கொஞ்சம் தகர டப்பா சத்தம் வரும். மனைவி புடவை எடுக்க வந்தால் சரணத்தின் நடுவிலேயே நிறுத்த வேண்டும்.

இனி விஷயம். எங்கள் மேடையில் 80களின் இளையராஜா பாட்டுதான் பாதிக்கு மேல். அந்தப் பாட்டுகளில் பேஸ் என்பது அடியில் ஓடும் இன்னொரு பாட்டு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் பத்து நாள், இருபது நாள் என்று உட்கார்ந்து, ரெக்கார்டில் இருப்பதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். போன மாதம் நத்தம் பக்கம் ஒரு அம்மன் கோயில் கச்சேரி. முடிந்து ஒயரைச் சுருட்டும்போது லீடர் (அவர்தான் கீபோர்டும்) சொன்னார்: "தம்பி, நீ பாட்டுக்கு என்னமோ ஓடிக்கிட்டே இருக்கே. எனக்கு ஒண்ணுமே புரியல. சும்மா ரூட்டை மட்டும் பிடி. இல்லைன்னா இடது கையிலேயே நான் பாத்துக்கிறேன்."

ரூட் என்றால் கார்டின் அடிப்படை நோட்டு. ஆனால் கடைசி வாக்கியம்தான் இன்னும் குத்துகிறது. இடது கைக்கு 1,200 ரூபாய் தர வேண்டியதில்லை அல்லவா.

சரி, கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்து, யாரோ மொபைலில் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மணி நேரக் கச்சேரியில் என் வாசிப்பு எங்கேயும் இல்லை. நான் கையை ஆட்டுவது மட்டும் தெரிகிறது. குறைத்துவிடலாமா? இல்லை, இது சவுண்டில் உள்ள கோளாறா? ஐந்து கம்பி பேஸ் வாங்கினால் சரியாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இடதுகை (தஞ்சாவூர்)

நான் கீபோர்டு. லீடர் சார்பாக ஒரு வார்த்தை.

இடது கையில் பேஸ் வாசிப்பதை ஏதோ மிச்சம் பிடிக்கும் வழி என்று நினைக்கிறீர்கள். அந்தக் கையால் நான் கார்ட் பிடிக்க வேண்டும், இன்டர்லூடில் (பாட்டுக்கு நடுவே வரும் இசையில்) வயலின் சத்தத்துக்கு மாற்ற பட்டன் அமுக்க வேண்டும், வேஷ்டி அவிழ்ந்தால் அதையும் பிடிக்க வேண்டும். பேஸ் ஆள் இல்லாமல் போன கச்சேரிகளில் முக்கால்வாசி நேரம் நான் வாசித்தது ஒரே நோட்டை டொம் டொம் என்றுதான். உங்கள் லீடர் மிரட்டுகிறார், அவ்வளவுதான். செய்ய மாட்டார்.

ஆனால் அவருக்கு ஏன் புரியவில்லை என்பதைக் கண்டுபிடியுங்கள். மேடையில் அவர் எங்கே உட்காருகிறார்?

மைக்செட் மாரி (சாத்தூர்)

மேலே தஞ்சாவூர்க்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி. 22 வருஷமாக சவுண்ட் செட் போடுகிறேன், ஒரு நோட்டும் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒலி எங்கே போகும், எங்கே போகாது என்று தெரியும்.

டாப் பாக்ஸின் (மேல் சத்தத்துக்கான ஸ்பீக்கரின்) சத்தம் முன்னால் பார்த்துப் போகும். அடிச் சத்தம் அப்படி இல்லை, எட்டுத் திசைக்கும் போகும். பாக்ஸுக்குப் பின்னால் மேடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு உங்கள் கிட்டாரின் மேல் சத்தம் எதுவுமே வராது, பூம் பூம் மட்டும்தான் வரும். விரல் கம்பியைத் தட்டும் அந்த "டக்" கேட்டால்தான் என்ன நோட்டு என்று காது பிடிக்கும். உங்கள் லீடருக்கு அது போய்ச் சேரவே இல்லை. நீங்கள் பத்து நோட்டு ஓடினால் அவருக்கு அது ஒரே நீளமான மாட்டு உறுமல்.

இரண்டாவது, உங்கள் நாலாவது கம்பியை ஓப்பனாக (விரல் வைத்து அழுத்தாமல்) தட்டினால் 41 ஹெர்ட்ஸ். எங்களைப் போன்ற ஊர்த் திருவிழா செட்டில் 18 இஞ்ச் பாக்ஸ் வைத்தாலும் அவ்வளவு கீழே தெம்பாக வராது. 60 பக்கம் வந்தால்தான் நெஞ்சில் அடிக்கும். அந்த 60இல் யார் உட்கார்ந்திருக்கிறார்? ரிதம் பேடில் (எலக்ட்ரானிக் டிரம்மில்) கிக், அதாவது டிரம்மின் அடிச் சத்தத்தை அடிக்கிறவர். ஊர்ப் பையன்கள் வந்து "அண்ணே, பேஸைக் கூட்டுங்க" என்று கேட்பது உங்கள் கிட்டாரை அல்ல, அந்தக் கிக்கைத்தான். நாங்களும் கூட்டுவோம். நீங்கள் அதற்கு அடியில் போய்விடுவீர்கள்.

அதனால் மிக்சரில் கிக்கை அதன் இடத்தில் விட்டுவிட்டு, உங்கள் சேனலில் 40க்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள். 250 பக்கம் கொஞ்சம் இறக்கி, 700, 800 பக்கம் கொஞ்சம் ஏற்றினால் விரல் சத்தம் வெளியே வரும். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், பாட்டோடு சேர்ந்தால் சரியாகிவிடும். மொபைல் வீடியோவைப் பார்த்து மனசு உடைய வேண்டாம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 41உம் வராது, 80உம் வராது.

கிட்டார் ஒயரை நேராக மிக்சர் வரைக்கும் இழுக்கிறீர்களா? இழுத்தால் தப்பு. 20 அடிக்கு மேல் போனால் மேல் சத்தம் செத்து இரைச்சல் ஏறும். டிஐ பாக்ஸ் (கிட்டார் சத்தத்தை நீள ஒயருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) ஒன்று, 2,000 ரூபாய் பக்கம்தான் ஆகும், வாங்கி மேடையிலேயே வைத்து அங்கிருந்து கேனன் ஒயரில் (மைக் ஒயரில்) அனுப்புங்கள்.

இன்னொன்று, கேட்காததைச் சொல்கிறேன். கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்று அடித்தால் உடனே நிறுத்திவிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் கச்சேரியில் இது சகஜம். இரைச்சல் போக வேண்டும் என்று ஆம்பின் மூன்றாவது பின்னை (எர்த் பின்னை) உடைப்பவர்கள் இருக்கிறார்கள். இரைச்சல் போகும், ஒரு நாள் கூடவே ஆளும் போவான்.

கோயம்புத்தூர் பழசு

தம்பி, 1983லிருந்து 2004 வரை வாசித்தேன். இப்போது கை விரல் மடங்குவதில்லை, கேட்பதோடு சரி.

நாங்கள் கேசட்டில் எடுத்தோம். ஹெட்போன் எல்லாம் கிடையாது. இரட்டை கேசட் டெக்கில் வேகமாகக் காப்பி எடுக்கிற பட்டனை அமுக்கினால் பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். பாடகர் அணில் மாதிரிக் கத்துவார், ஆனால் பேஸ் ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே ஏறிப் பளிச்சென்று கேட்கும். அப்படித்தான் பிடித்தோம். டேப்பின் வேகம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் கம்பியை டேப்புக்கு ஏற்றபடி முறுக்க வேண்டும். இப்போது பாட்டிலிருந்து பேஸை மட்டும் பிரித்துத் தரும் ஆப் இருக்கிறதாமே. என் பேரன் காட்டினான். பத்து நாள் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட ஒரு இடத்தை இருபது வருஷமாகத் தப்பாகவே வாசித்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உன் கேள்விக்கு வருகிறேன். ராஜா எல்லா வாத்தியத்துக்கும் தானே நொட்டேஷன் எழுதுகிறவர். பேஸ் எங்கே ஓட வேண்டும் என்பதையும் எழுதியே தருவார். அதைப் பல வருஷம் வாசித்தவர் சசிதரன். ரஹ்மான் பாட்டுகள் பலவற்றில் கீத் பீட்டர்ஸ் வாசித்தது வேறு ஒரு வழி. ராஜா எழுதிய பேஸ், மேலே ஓடும் வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் கிட்டாருக்கும் பதில் சொல்வது போல எழுதியது. ரெக்கார்டில் அங்கே ஒரு கும்பல் வயலின் இருக்கிறது. உங்கள் மேடையில் எத்தனை பேர்? கீபோர்டு, ரிதம் பேட், தபேலா, நீ, பாடுகிறவர்கள். எதிரில் பேசுகிறவர்களில் பாதிப் பேர் வராதபோது நீ மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் கேட்கிறவனுக்கு உளறல் மாதிரித்தான் இருக்கும்.

அதற்காக ரூட் மட்டும் பிடி என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஆள் எதற்கு? பாடகர் பாடும்போது கிக்கோடு நில். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஓடு. பல்லவி முதல் தடவை வெறுமையாக வாசித்து, கடைசியில் திரும்ப வரும்போது ரெக்கார்டில் உள்ளதை முழுதாகப் போடு. இன்டர்லூடில் கீபோர்டுக்காரர் வயலினைப் பிடிக்கிறார் என்றால் உன் வரி முழுக்க வேண்டும். அவர் அதைச் சுருக்கி விட்டுவிடுகிறார் என்றால் நீயும் சுருக்கு. எல்லாப் பாட்டுக்கும் ஒரே சட்டம் கிடையாது. லீடரோடு உட்கார்ந்து பாட்டு பாட்டாகப் பேசு. டீக்கடையில் பேசு, மேடையில் பேசாதே.

அஞ்சரைக்கட்டை (தூத்துக்குடி)

நான் பாடுகிறவள். பாடகி மேடையில் சுருதி பிடிப்பது கீபோர்டில் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மானிட்டர் சரியில்லாத இடத்தில் கீபோர்டு காதில் விழாது அண்ணா, பேஸ்தான் காலடியில் அதிரும். நான் அதை வைத்துத்தான் நிற்கிறேன். அதனால் நீங்கள் அழகாக ஓடுகிறீர்களா என்பதை விட, சரணம் ஆரம்பிக்கும் முதல் நோட்டில் சரியாக வந்து நிற்கிறீர்களா என்பதுதான் எனக்கு வேண்டும்.

பங்குனியில் தொடர்ந்து நாலாவது ராத்திரி என்றால் தொண்டை இறங்கிவிடும், சுருதியை அரைக் கட்டை குறைக்கச் சொல்வோம். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனில் மாற்றிவிடுவார். பேஸ் அண்ணன்கள் முகம் அப்போது போகிற போக்கைப் பார்க்க வேண்டும். இதற்கு என்ன செய்கிறீர்கள்?

நாலுகம்பி (ஒட்டன்சத்திரம்)

தங்கச்சி, வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டீர்கள். இரண்டு வருஷம் முன்னால் வேடசந்தூர் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன். 3 கட்டையில் உள்ள பாட்டு, ஈ மைனர். எனக்கு நாலாவது கம்பி ஓப்பனாகவே ஈ, கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன். பாடும் பெண் போய் லீடர் காதில் ஏதோ சொன்னதைக் கவனிக்கவில்லை. அவர் டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும்) பட்டனை அமுக்கி அரைக் கட்டை இறக்கிவிட்டு, கையை எப்போதும்போல ஈயிலேயே வைத்தார். நான் அவர் கையைப் பார்த்தேன், ஈ. தட்டினேன். இரண்டரைக் கட்டையில் எல்லாரும், 3 கட்டையில் நான் ஒருவன். முன்வரிசையில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பீடாவை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்னவோ லீடர்தான் தப்பு என்கிற மாதிரி அவரை முறைத்தேன். ஒரு பல்லவி முழுக்க அப்படியே போனது.

அன்றிலிருந்து அவர் கையைப் பார்ப்பதில்லை. ஆனால் தங்கச்சி கேட்ட சிக்கல் அப்படியே இருக்கிறது. அரைக் கட்டை இறங்கினால் எனக்குக் கீழே நோட்டே இல்லை, ஒரு ஆக்டேவ் மேலே ஏறி வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் ஐந்து கம்பி கேட்டேன்.

மாரி அண்ணன் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். நாளை மறுநாள் குஜிலியம்பாறைப் பக்கம் கச்சேரி.

கோயம்புத்தூர் பழசு

ஐந்து கம்பி வாங்குவதற்கு முன்னால் நாலு கம்பியையும் அரைக் கட்டை இறக்கி முறுக்கிப் பார், காசு செலவில்லை. கம்பி கொஞ்சம் தொளதொளக்கும், ஒரு மாதத்தில் பழகிவிடும். 3 கட்டைப் பாட்டு வந்தால் முதல் பிரெட்டில் (கழுத்தில் உள்ள முதல் கட்டத்தில்) பிடிக்க வேண்டும், ஓப்பன் கம்பியை நம்பி வாழ்ந்த உனக்கு அதுவே நல்ல வைத்தியம்.

நாலுகம்பி (ஒட்டன்சத்திரம்)

கச்சேரி முடிந்து மூன்று நாள் ஆகிறது. மண்டியில் வரத்து அதிகம், இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

டிஐ பாக்ஸ் வாங்கவில்லை, இரவல் வாங்கினேன். சவுண்ட் செட்காரரிடம் போய் 250, 800 என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாத்தூர்ல ஒருத்தர் சொன்னாரு" என்றேன். ஏனோ அதற்கு மரியாதை கிடைத்தது, ஒன்றும் பேசாமல் திருப்பினார்.

நான் இன்னொன்றும் செய்தேன். வீட்டில் சும்மா கிடந்த 15 வாட் ஆம்பைக் கொண்டுபோய், கூட்டத்தைப் பார்த்து வைக்காமல், லீடர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் காதைப் பார்த்தபடி வைத்தேன். அடிச் சத்தத்தை முழுக்க இறக்கிவிட்டேன், விரல் சத்தம் மட்டும். பிள்ளையார் பாட்டு முடியும்வரை அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது பாட்டில் இன்டர்லூடில் நான் இறங்கும் இடத்தில் அவர் சட்டென்று திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வயலினைச் சுருக்காமல் முழுதாக வாசித்தார். ஆறு வருஷத்தில் அந்த இன்டர்லூடை அவர் முழுதாக வாசித்து நான் கேட்டதே இல்லை.

பழசு ஐயா சொன்னபடி பல்லவியில் நின்றேன். கை அரித்தது. நாலைந்து இடத்தில் தாங்காமல் ஓடிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். பத்து மணிக்குப் போலீஸ் வந்து கையைக் காட்டியதும் வழக்கம்போலப் பாதிப் பாட்டில் நிறுத்தினோம். சீட்டில் எழுதிக் கொடுத்த பாட்டு நாலு மிச்சம், ஊர்க்காரர்கள் லீடரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

டாடா ஏஸில் ஏறும்போது லீடர் ஒன்றுமே சொல்லவில்லை. பரோட்டாக் கடையில், "அந்தச் சின்ன ஆம்ப்பை அடுத்த வாட்டியும் எடுத்துட்டு வந்துரு" என்றார். அவ்வளவுதான். சம்பளம் அதே 1,200.

கம்பியை இறக்கி முறுக்கியிருக்கிறேன். பீரோவில் சாய்த்து வாசித்தால் கதவே அதிர்கிறது. ஆனாலும் ஆசை விடவில்லை. திண்டுக்கல்லில் ஒருவர் ஐந்து கம்பி ஒன்றை 14,000 சொல்கிறார், கம்பி எல்லாம் துரு. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். என்ன பார்த்து வாங்க வேண்டும்?

கோயம்புத்தூர் பழசு

துருவை விடு, கம்பி மாற்றிக்கொள்ளலாம். கழுத்தைப் பார். தலைப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் கழுத்து லேசாக முன்னால் வளைந்திருக்கலாம், முறுக்கிக்கொண்டு மட்டும் இருக்கக் கூடாது. டிரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி) திரும்புகிறதா என்று அவரையே திருப்பிக் காட்டச் சொல், நீ கை வைக்காதே. ஐந்தாவது கம்பியை ஒவ்வொரு பிரெட்டாகப் பிடித்துத் தட்டிப் பார். மலிவான ஐந்து கம்பியில் அது ஒன்றுதான் சோடை போயிருக்கும், மற்ற நாலும் நன்றாக இருக்கும். ஆம்ப் இல்லை என்று அவர் சொன்னால் வீட்டில் பீரோ இருக்கிறதா என்று கேள்.

நாலுகம்பி (ஒட்டன்சத்திரம்)

கேட்கிறேன் ஐயா. 12,000க்கு இறங்கினால் எடுத்துவிடுவேன். வீட்டில் 6,000 என்று சொல்வதாக இருக்கிறேன், இங்கே யாரும் போட்டுக் கொடுக்காதீர்கள்.